முதல் செமஸ்டர் பைத்தான்: கையால் ஓட்டிப் பழகுங்கள்

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் 2021 ஒழுங்குமுறையின் கீழ் பொறியியல் சேர்ந்தவர்களுக்கு, சிவிலோ மெக்கானிக்கலோ கம்ப்யூட்டரோ, முதல் செமஸ்டரிலேயே ஒரு புரோகிராமிங் பாடம் உண்டு. 'பிராப்ளம் சால்விங் அண்ட் பைத்தான் புரோகிராமிங்' என்பது பெயர், ஜிஇ3151 என்பது குறியீடு. கூடவே ஜிஇ3171 என்று ஒரு லேப். பிளஸ் டூ வரை கணிதமும் உயிரியலும் தமிழ் வழியில் படித்து, கம்ப்யூட்டர் முன்னால் அதிகம் உட்காராதவர்கள் இந்த வகுப்பில் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம்.

முதலில் கணக்கு. தியரிக்கு 3 கிரெடிட், 45 பீரியட். லேபுக்கு 2 கிரெடிட், வாரம் 4 பீரியட். தியரியில் உள் மதிப்பீடு 40, பல்கலைத் தேர்வு 60. லேபில் இது தலைகீழ்: உள் மதிப்பீடு 60, தேர்வு 40. தேற வேண்டுமானால் பல்கலைத் தேர்வில் குறைந்தது 45 சதவீதமும், உள் மதிப்பீட்டோடு சேர்த்து மொத்தத்தில் 50 சதவீதமும் வேண்டும். உங்கள் பேட்சுக்கு வேறு ஒழுங்குமுறை என்றால் இந்த எண்களை மட்டும் துறையில் கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள். படிக்கிற முறையில் மாற்றம் ஒன்றும் இருக்காது.

இந்தப் பாடத்தில் அரியர் விழ முக்கியக் காரணம், புரோகிராமை செய்யுள் போல மனப்பாடம் செய்வது. வேதியியல் சமன்பாட்டை மனப்பாடம் செய்தால் தேர்வில் அப்படியே எழுதலாம். இங்கே கேள்வியில் ஒரு எண் மாறினாலே மனப்பாடம் செய்தது உதவாது. நாற்பது புரோகிராமை உருப்போடுவதைவிட, பன்னிரண்டை வரி வரியாகக் கையால் ஓட்டிப் பார்ப்பது மேல். அது எப்படி என்று பின்னால் விரிவாக வருகிறது.

ஒரு சிறு குறிப்பு: கீழே வரும் புரோகிராம்களில் பைத்தானின் கட்டளைச் சொற்களைத் தமிழ் எழுத்தில் ஒலித்து எழுதியிருக்கிறோம். கம்ப்யூட்டரில் தட்டும்போது இஃப், வைல், பிரிண்ட் போன்றவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில்தான் தட்ட வேண்டும். ஆனால் மதிப்பைப் போட்டு வைக்கும் மாறிகளுக்கு, அதாவது வேரியபிள்களுக்கு, நாம் வைக்கும் பெயர் தமிழிலேயே இருக்கலாம், பைத்தான் 3 அதை ஏற்றுக்கொள்கிறது. 'கூட்டல்' என்றே ஒரு வேரியபிளுக்குப் பெயர் வைத்து வீட்டில் பழகலாம். லேபிலும் தேர்விலும் ஆங்கிலப் பெயரே வையுங்கள், திருத்துகிறவருக்குச் சிரமம் வேண்டாம்.

வகுப்பு தொடங்கும் முன்

லேப்டாப் இல்லை என்று தயங்க வேண்டாம். ஆண்ட்ராய்டு போனில் பைட்ராய்டு 3 என்ற ஆப் போதும், முதல் நான்கு யூனிட்டையும் அதிலேயே ஓட்டிவிடலாம். இணையம் இருந்தால் பிரௌசரிலேயே ஓடும் கூகுள் கோலாப் இருக்கிறது. போன் திரையில் இடது ஓரத்து இடைவெளி சரியாகக் கண்ணுக்குத் தெரியாது என்பது ஒன்றுதான் குறை. அதனால் லேப் நேரத்தை வீணாக்காமல், போனில் எழுதிய புரோகிராமை அங்கே ஒருமுறை மறுபடி தட்டிப் பாருங்கள்.

விண்டோஸ் லேப்டாப் இருந்தால் பைத்தானின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இறக்கி நிறுவுங்கள். நிறுவும் முதல் திரையின் அடியில் 'பாத்'தில் சேர்க்கவா என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போட மறக்காதீர்கள். மறந்தால் பின்னால் கமாண்ட் பிராம்ப்டில் பைத்தான் என்று அடிக்கும்போது அப்படி ஒன்று இல்லை என்று வரும். இன்ஸ்டாலரை மறுபடி ஓட்டி டிக் போட்டால் சரியாகிவிடும்.

பைத்தானோடு ஐடில் என்ற சிறிய எடிட்டரும் வரும். முதல் செமஸ்டருக்கு அது தாராளம். திறந்ததும் மூன்று அம்புக்குறிகளோடு வருவது ஷெல். அங்கே தட்டுகிற ஒவ்வொரு வரியும் உடனே ஓடும், ஆனால் புரோகிராமாகச் சேமிக்க முடியாது. புதியவர்கள் முதல் வாரம் முழுக்க ஷெல்லிலேயே எழுதிவிட்டு, மூடித் திறந்ததும் எல்லாம் போய்விட்டது என்று திகைப்பார்கள். ஃபைல் மெனுவில் புதிய ஃபைல் திறந்து, அதில் எழுதி, சேமித்து, எஃப்5 அழுத்தி ஓட்டுங்கள். ஷெல்லைச் சின்னச் சந்தேகங்களைத் தீர்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: 7 // 2 என்ன வரும், -7 // 2 என்ன வரும் என்பது போல. // என்பது தசமம் இல்லாமல் முழு எண்ணை மட்டும் தரும் வகுத்தல். முதலாவது 3, இரண்டாவது -4. காரணத்தை ஆசிரியரிடம் கேளுங்கள், இரண்டு மதிப்பெண் கேள்விக்கு உதவும்.

ஃபைலுக்குப் பெயர் வைப்பதில் ஒரு பொறி இருக்கிறது. எண்ணைக் கண்டுபிடிக்கும் விளையாட்டுக்கு ரேண்டம் மாட்யூல் (பைத்தானோடு வரும் ஆயத்தப் புரோகிராம்) வேண்டும். அந்தப் புரோகிராமுக்கே 'ரேண்டம்' என்று பெயர் வைத்துச் சேமித்தால், பைத்தான் தன்னுடைய மாட்யூலை விட்டுவிட்டு உங்கள் ஃபைலையே இம்போர்ட் செய்யும். புரோகிராமில் ஒரு தவறும் இல்லாமலே பிழை வரும். மேத், ரேண்டம், டேட்டைம் என்ற பெயர்களை உங்கள் ஃபைலுக்கு வைக்காதீர்கள்.

ஜெராக்ஸ் கடை நோட்ஸ்

கல்லூரி வாசலில் விற்கும் பழைய நோட்ஸை வாங்கும் முன் ஒரு பக்கத்தைத் திருப்பி, பிரிண்டுக்குப் பிறகு அடைப்புக்குறி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அது பைத்தான் 2. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அந்த நோட்ஸில் உள்ளது இன்றைய பைத்தானில் ஓடாது. அதைவிட மோசம், சில வரிகள் ஓடி வேறு விடை தரும். 5 / 2 என்பது பைத்தான் 2-இல் 2, பைத்தான் 3-இல் 2.5.

பிடிஎஃப்பிலிருந்தோ வாட்ஸ்அப்பிலிருந்தோ காப்பி செய்து ஒட்டினால் இன்னொரு தொல்லை. மேற்கோள்குறிகள் வளைந்த குறிகளாக மாறியிருக்கும். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் பைத்தானுக்கு நேர்க்குறிதான் தெரியும். செல்லாத எழுத்து என்று பிழை சொல்லும். இடைவெளியும் குலைந்துபோயிருக்கும். தட்டிப் பழகுவதே நல்லது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழில் படிக்க நம்பகமான ஒன்று கையருகே இருக்கிறது: தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல். அதில் பைத்தான் இருக்கிறது. தமிழ் வழிப் பதிப்பும் உண்டு, இணையத்தில் இலவசம். மாறி, சரம், மடக்கு, செயற்கூறு என்று அதில் வரும் சொற்களைக் கல்லூரியில் கேட்கும் வேரியபிள், ஸ்ட்ரிங், லூப், ஃபங்ஷன் என்ற சொற்களோடு பொருத்தி ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் அந்த ஒரு பக்கம் பெரிய துணை.

பிழைச் செய்தியைப் படிப்பது

திரை முழுக்கச் சிவப்பில் ஆங்கிலம் வந்ததும் மூடிவிடுகிறவர்கள் அதிகம். அதில் படிக்க வேண்டியது இரண்டே இடம். முதலில் கடைசி வரி: என்ன பிழை என்பது அங்கே இருக்கும். பிறகு அதற்குச் சற்று மேலே 'லைன்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் உள்ள எண்: எந்த வரி என்பது.

நேம்எரர் என்றால் அப்படி ஒரு பெயர் பைத்தானுக்குத் தெரியாது. எழுத்துப் பிழையாக இருக்கும், அல்லது பெரிய எழுத்து சிறிய எழுத்து மாறியிருக்கும். போனில் தட்டினால் முதல் எழுத்தைக் கீபோர்டே பெரிதாக்கிவிடும், பிரிண்ட் ஓடாமல் போவது பெரும்பாலும் இதனால்தான். இன்டென்டேஷன்எரர் என்றால் இடது ஓர இடைவெளி ஒத்துப்போகவில்லை. ஒரு நிலைக்கு நான்கு ஸ்பேஸ் என்று வைத்துக்கொண்டு கடைசி வரை மாற்றாதீர்கள். டேபையும் ஸ்பேஸையும் கலந்தால் அதற்கென்று டேப்எரர் தனியாக வரும். வேல்யூஎரர் பெரும்பாலும் எண் கேட்ட இடத்தில் எழுத்தையோ வெற்று என்டரையோ கொடுத்ததால். இண்டெக்ஸ்எரர் என்றால் லிஸ்டில், அதாவது மதிப்புகளின் வரிசையில், இல்லாத இடத்தைக் கேட்டிருக்கிறீர்கள்: ஐந்து உறுப்பு இருந்தால் இடங்கள் 0 முதல் 4 வரைதான்.

சின்டாக்ஸ்எரர் மட்டும் சற்று ஏமாற்றும். அது காட்டுகிற வரியில் சில சமயம் தவறே இருக்காது. முந்தைய வரியில் மூடாமல் விட்ட அடைப்புக்குறிதான் காரணமாக இருக்கும். காட்டிய வரியைப் பார்த்தும் தவறு தெரியவில்லையென்றால் ஒரு வரி மேலே போங்கள்.

டைப்எரர் வந்தால் இன்புட்டைச் சந்தேகியுங்கள். இன்புட் எப்போதும் எழுத்துச் சரத்தைத்தான் தரும். பயனர் 5 என்றும் 7 என்றும் அடித்தால், இரண்டையும் கூட்டும்போது 12 வராது, 57 வரும். இங்கே பிழைச் செய்திகூட வராது, தவறான விடை மட்டும் அமைதியாக வரும். எண்ணாக வேண்டுமென்றால் இன்புட்டைச் சுற்றி இன்ட் போட வேண்டும், தசமம் என்றால் ஃப்ளோட்.

கையால் ஓட்டுவது

இதுதான் இந்தப் பாடத்தின் உயிர். ஒரு எண்ணின் இலக்கங்களைக் கூட்டும் புரோகிராமை எடுத்துக்கொள்வோம்.

எண் = 407
கூட்டல் = 0
வைல் எண் > 0:
    கூட்டல் = கூட்டல் + எண் % 10
    எண் = எண் // 10
பிரிண்ட்(கூட்டல்)

வைல் என்பது நிபந்தனை உண்மையாக இருக்கும் வரை உள்ளே உள்ள வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் லூப். நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: சுற்று, கூட்டல், எண். தொடக்கத்தில் கூட்டல் 0, எண் 407. முதல் சுற்றில் 407 % 10, அதாவது பத்தால் வகுத்த மீதி, 7, ஆகவே கூட்டல் 7. எண் 407 // 10, அதாவது 40. இரண்டாம் சுற்றில் 40 % 10 சுழியம், கூட்டல் 7-ஆகவே நிற்கும், எண் 4. மூன்றாம் சுற்றில் கூட்டல் 11, எண் 0. நிபந்தனை பொய்யாகிறது, வெளியே வருகிறோம், 11 அச்சாகிறது. பழைய மதிப்பை அடித்துவிட்டுப் புதியதை எழுதுங்கள். அழிக்க வேண்டாம், அடித்தது கண்ணில் தெரிய வேண்டும். கம்ப்யூட்டர் செய்வதும் இதே வேலைதான்.

இப்போது வேண்டுமென்றே ஒரு தவறு செய்து பார்க்கலாம். இரட்டைச் சாய்கோட்டுக்குப் பதில் ஒற்றைச் சாய்கோடு போடுங்கள். விடை 12.22 என்று தொடங்கும் தசம எண்ணாக வரும். ஏன்? 407-ஐப் பத்தால் வகுத்தால் 40.7, பிறகு 4.07, பிறகு 0.407. எண் சுழியத்தை எளிதில் தொடாது. கம்ப்யூட்டரால் குறிக்கவே முடியாத அளவுக்குச் சிறிதாகும் வரை, முன்னூறுக்கும் மேற்பட்ட சுற்று லூப் ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு துளி கூட்டலில் சேர்கிறது. இலக்கங்களின் கூட்டல் முழு எண்ணாகத்தான் இருக்க முடியும் என்று உங்களுக்குத் தெரியும். விடையில் புள்ளி வந்ததுமே வகுத்தலைப் போய்ப் பார்க்கத் தோன்ற வேண்டும்.

இன்னொரு தவறு: கடைசி வகுத்தல் வரியை இடது ஓரத்துக்கு நகர்த்திவிடுங்கள். அது லூப்புக்கு வெளியே போய்விடும், எண் 407-ஆகவே நிற்கும், லூப் முடியவே முடியாது. திரையில் ஒன்றும் வராமல் கர்சர் மட்டும் நிற்கும். கம்ப்யூட்டர் ஹேங் ஆகிவிட்டது என்று ஆஃப் செய்யாதீர்கள், கன்ட்ரோல்-சி அழுத்தினால் நிற்கும். ஒரு லூப் முடியவில்லையென்றால், நிபந்தனையில் உள்ள வேரியபிள் லூப்புக்குள் மாறுகிறதா என்பதையே முதலில் பாருங்கள்.

ஃபார் லூப்பில் ரேஞ்ச்(1, 11) என்றால் 1 முதல் 10 வரைதான், 11 வராது. வாய்ப்பாடு ஒன்பதோடு நின்றுவிட்டது என்றால் இதுதான் காரணம்.

கையால் ஓட்டிய விடையைச் சரிபார்க்க பைத்தான் டியூட்டர் என்ற இலவசத் தளம் இருக்கிறது. புரோகிராமை ஒட்டினால் ஒவ்வொரு வரிக்கும் வேரியபிள்களின் மதிப்பைப் படமாகக் காட்டும். முதலில் நோட்டில் போட்டுவிட்டு பிறகு அங்கே பாருங்கள். வரிசை மாறினால் பயனில்லை.

கரண்ட் பில்: ஒரு புரோகிராமை முழுதாகப் பார்ப்பது

லேப் சிலபஸில் மின்கட்டணம் கணக்கிடும் பயிற்சி இருக்கிறது. உண்மையான கட்டண விகிதம் அவ்வப்போது மாறும் என்பதால், கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100-க்கு யூனிட்டுக்கு 2 ரூபாய், 200-க்கு மேல் 5 ரூபாய்.

தட்டத் தொடங்கும் முன் விடைகளைக் கையால் போட்டு வையுங்கள். 100 யூனிட்டுக்கு 0. 101-க்கு 2. 200-க்கு 200. 201-க்கு 205. 250-க்கு 450. எல்லையில் உள்ள எண்களை வேண்டுமென்றே எடுத்திருக்கிறோம், தவறுகள் எல்லையில்தான் ஒளிந்திருக்கும்.

யூனிட் = இன்ட்(இன்புட்("யூனிட்: "))
இஃப் யூனிட் <= 100:
    பில் = 0
எலிஃப் யூனிட் <= 200:
    பில் = (யூனிட் - 100) * 2
எல்ஸ்:
    பில் = 100 * 2 + (யூனிட் - 200) * 5
பிரிண்ட்(பில்)

இதில் வழக்கமாக விழும் தவறுகள் மூன்று. முதலாவது, 250 * 5 என்று மொத்த யூனிட்டையும் மேல் விகிதத்தில் பெருக்கி 1250 கொண்டுவருவது. படிநிலைக் கட்டணத்தில் ஒவ்வொரு படிக்கும் அந்தந்த விலைதான். இரண்டாவது, நிபந்தனைகளின் வரிசை. முதலில் 'யூனிட் > 100' என்றும் அடுத்த எலிஃபில் 'யூனிட் > 200' என்றும் எழுதினால், 250 முதல் வாசலிலேயே நுழைந்துவிடும், பில் 300 என்று வரும். முதலில் உண்மையாகும் கிளைக்குள் மட்டும்தான் பைத்தான் போகும், அதற்குக் கீழே உள்ளவற்றைப் பார்க்காது. மூன்றாவது, எலிஃபுக்குப் பதில் தனி இஃப் போடுவது. அப்போது 50 யூனிட்டுக்கு முதல் இஃப் 0 என்று வைக்கும், அடுத்த இஃபும் உண்மை என்பதால் (50 - 100) * 2 என்று கணக்குப் போட்டு -100 என்று மாற்றிவிடும். மின்வாரியம் நமக்கு நூறு ரூபாய் தர வேண்டும் என்று பொருள்! இந்த மூன்றையும் தட்டிப் பார்த்து, மூன்று தவறான விடைகளையும் நோட்டில் எழுதி வையுங்கள். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், எலிஃபுக்கும் இஃபுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் இந்த -100-ஐ எடுத்துச் சொல்லுங்கள்.

ஃபங்ஷன், லிஸ்ட்: இங்கேதான் வகுப்பு இரண்டாகப் பிரியும்

பாடத்தின் மூன்றாம் யூனிட்டில் ஃபங்ஷன் வரும், அதாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடும் சிறு புரோகிராம் பகுதி. பிரிண்டுக்கும் ரிட்டர்னுக்கும் உள்ள வேறுபாடு புரியாமல் பலர் கடைசி வரை தடுமாறுகிறார்கள். பிரிண்ட் திரையில் காட்டும், அவ்வளவே. ரிட்டர்ன் விடையைக் கூப்பிட்டவர் கையில் கொடுக்கும். பெரியது(அ, ஆ) என்ற ஃபங்ஷனுக்குள் பெரிய எண்ணை பிரிண்ட் மட்டும் செய்திருந்தால், பெரியது(7, 5) தனியாக ஓடும்போது 7 தெரியும், எல்லாம் சரி போலத் தோன்றும். மூன்று எண்ணில் பெரியதைக் காண பெரியது(3, பெரியது(7, 5)) என்று எழுதிப் பாருங்கள். உள்ளே இருப்பது 7-ஐத் திரையில் காட்டிவிட்டு 'நன்' என்ற வெறுமையைத் திருப்பித் தரும். வெளியே இருப்பது 3-ஐ வெறுமையோடு ஒப்பிட முயன்று டைப்எரர் போடும். ரிட்டர்ன் போட்டால் 7 வரும். விடையை அடுத்த கணக்குக்கு எடுத்துப்போக வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆம் என்றால் ரிட்டர்ன்.

தன்னைத் தானே கூப்பிடும் ஃபங்ஷனுக்கு, அதாவது ரிகர்ஷனுக்கு, ஹனாய் கோபுரம் சிலபஸிலேயே இருக்கிறது. மூன்று தட்டுக்கு 7 நகர்வு, நான்குக்கு 15. மூன்று நாணயங்களை மேசையில் அடுக்கி ஒருமுறை நகர்த்திவிட்டுப் பிறகு புரோகிராமைப் படியுங்கள். நிற்கும் நிபந்தனையை மறந்தால் ஏறத்தாழ ஆயிரம் அழைப்பில் ரிகர்ஷன்எரர் வரும்.

லிஸ்டை ஒவ்வொரு சுற்றிலும் பாதியாக்கித் தேடும் பைனரி சர்ச் கேள்வியில் இரண்டைக் கவனியுங்கள். லிஸ்ட் வரிசைப்படுத்தப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் இருக்கிற எண்ணையே இல்லை என்று சொல்லும். நடுப்புள்ளி சிறியது என்று தெரிந்ததும் கீழ் எல்லையை நடு + 1-க்கு நகர்த்த வேண்டும். நடுவிலேயே விட்டால் கடைசி இரண்டு உறுப்பில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆயிரம் எண்ணில் தேட அதிகபட்சம் பத்துச் சுற்று போதும்.

லிஸ்டில் ஒரு மயக்கம் உண்டு. அ = [1, 2, 3] என்று வைத்து, ஆ = அ என்றால் புது லிஸ்ட் பிறக்கவில்லை. ஒரே லிஸ்டுக்கு இரண்டு பெயர். ஆ-வில் 4-ஐச் சேர்த்தால் அ-விலும் 4 இருக்கும். தனி நகல் வேண்டுமென்றால் ஆ = அ[:] என்று எழுதுங்கள். இன்னொன்று, லூப் போட்டுக்கொண்டே அதே லிஸ்டிலிருந்து நீக்குவது. [2, 4, 6]-இல் இரட்டை எண்களையெல்லாம் நீக்கச் சொன்னால் [4] மிஞ்சும். 2 போனதும் மற்றவை ஒரு இடம் முன்னே வந்துவிடுகின்றன, லூப்போ அடுத்த இடத்துக்குப் போய்விட்டது. வேண்டியதை மட்டும் புது லிஸ்டில் சேர்ப்பதே பாதுகாப்பு.

தமிழ்ச் சரத்தோடு விளையாடுகிறவர்களுக்கு ஒரு தகவல்: 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தை பைத்தானிடம் கேட்டால் 3 வராது, 5 வரும். இகரக் குறியையும் புள்ளியையும் கம்ப்யூட்டரின் எழுத்துக் குறியீடான யூனிகோட் தனித்தனியாக எண்ணுகிறது. சொல்லைத் திருப்பிப் போடும் புரோகிராமைத் தமிழில் ஓட்டினால் எழுத்து சிதைவதும் இதனால்தான்.

ஐந்தாம் யூனிட்டில் ஃபைல் வரும்போது கவனம். 'டபிள்யூ' முறையில் திறந்தால், திறந்த நொடியே பழைய உள்ளடக்கம் அழிந்துவிடும். கடைசியில் சேர்க்க மட்டும் வேண்டுமென்றால் 'ஏ'. ஃபைல் கண்ணெதிரே இருந்தும் இல்லை என்று வந்தால், விண்டோஸ் நீட்டிப்பை மறைத்திருக்கும், உண்மைப் பெயரில் டிஎக்ஸ்டி இரண்டு முறை இருக்கும். தமிழ் உள்ள ஃபைலைத் திறக்கும்போது என்கோடிங் (எழுத்துகளைச் சேமிக்கும் முறை) யுடிஎஃப்-8 என்று சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் விண்டோஸில் குப்பை எழுத்தோ பிழையோ வரும்.

சாட்ஜிபிடி

கேட்டால் முழு புரோகிராமும் ஐந்து நொடியில் வந்துவிடும். லேபில் ஓடியும் விடும். தேர்வு அறையில் அது இல்லை, பிரச்சினை அங்கேதான். அதோடு, இன்னும் நடத்தாத குறுக்குவழிகளை அது எழுதும், வைவாவில் அந்த வரிக்கு விளக்கம் கேட்டால் வாய் திறக்க முடியாது. இருபது நிமிடம் நீங்களே முட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகு உங்கள் புரோகிராமையும் பிழைச் செய்தியையும் கொடுத்து, 'விடை வேண்டாம், எந்த வரியில் ஏன் தவறு என்று தமிழில் சொல்' என்று கேளுங்கள். வகுப்பில் கூச்சத்தால் கேட்காமல் விட்ட கேள்விக்கு இது நல்ல துணை.

லேபும் தேர்வும்

ஆப்சர்வேஷன் நோட்டில் நோக்கம், அல்காரிதம் (செய்முறைப் படிகள்), புரோகிராம், வெளியீடு என்று எழுதுவோம். அல்காரிதத்தை லேபுக்கு முந்தைய இரவே எழுதிவிடுங்கள். புரோகிராம் ஓடிய பிறகு அதைப் பார்த்து அல்காரிதம் எழுதுவது எல்லோரும் செய்வதுதான், ஆனால் யோசிக்கும் பயிற்சி அப்படியே போய்விடும். ரெக்கார்டை அந்தந்த வாரமே முடித்துக் கையெழுத்து வாங்குங்கள். லேபின் 100-இல் 60 உங்கள் கல்லூரிக்குள்ளேயே இருக்கிறது.

தியரி வினாத்தாளில் பகுதி அ 10 கேள்வி, தலா 2 மதிப்பெண். பகுதி ஆ 5 கேள்வி, தலா 13. பகுதி இ ஒரே கேள்வி, 15. ஆ-வில் யூனிட்டுக்கு ஒரு கேள்வி, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். தாளில் புரோகிராம் எழுதும்போது இடைவெளி தெளிவாகத் தெரியாவிட்டால் மதிப்பெண் போகும். பென்சிலால் மெல்லிய செங்குத்துக் கோடு இரண்டு மூன்று போட்டு, ஒவ்வொரு நிலையையும் அந்தக் கோட்டிலிருந்து தொடங்குங்கள். ஒரு புரோகிராம் இரண்டு பக்கத்துக்கு உடைய வேண்டாம், இடம் போதாதென்றால் அடுத்த பக்கத்தில் தொடங்குங்கள். புரோகிராமுக்குக் கீழே ஒரு மாதிரி உள்ளீடும் அதன் வெளியீடும் கட்டாயம் எழுதுங்கள். அந்த வெளியீட்டைக் கட்டம் போட்டுக் கையால் ஓட்டியே எழுதினால், எழுதிய புரோகிராமில் உள்ள தவறும் அங்கேயே பிடிபடும், திருத்த நேரமும் இருக்கும்.

லேப் தேர்வில் கேள்வி கையில் வந்ததும் கீபோர்டைத் தொடாதீர்கள். முதல் பதினைந்து நிமிடம் பேப்பரில் அல்காரிதமும் இரண்டு மாதிரி விடையும். பிறகு இன்புட் வாங்கி அப்படியே பிரிண்ட் செய்யும் மூன்று வரியை மட்டும் ஓட்டிப் பாருங்கள். அது ஓடிய பின் ஒரு கிளையைச் சேருங்கள், ஓட்டுங்கள், அடுத்ததைச் சேருங்கள். அறுபது வரியையும் எழுதிவிட்டு முதன்முறையாக எஃப்5 அழுத்தினால், எங்கே தவறு என்று தேடவே நேரம் போய்விடும். கடைசி அரை மணியில் ஏதாவது ஒரு பகுதி ஓடவில்லையென்றால், அந்த வரிகளுக்கு முன்னால் ஹேஷ் (#) குறி போட்டு ஒதுக்கிவிட்டு, ஓடுகிற பகுதியின் வெளியீட்டைத் தேர்வாளரிடம் காட்டுங்கள். ஒதுக்கிய பகுதி என்ன செய்ய வேண்டும் என்பதை வாயால் விளக்குங்கள். ஒன்றுமே ஓடாத முழுப் புரோகிராமைவிட, ஓடுகிற பாதிப் புரோகிராமுக்கு மதிப்பெண் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.